நகராத யானை

முப்பத்தொன்றாவது நகர்த்தலில்
குதிரை போனது.
மஞ்சூர் சமுதாயக் கூடத்தில் நின்று பார்த்த
அத்தனை பேரும் அதையே சொன்னார்கள்,
டீ கொண்டுவந்த பையன்கூட.

எனக்கு அப்போதே தெரியும்
குதிரைக்கு அங்கே போக இடமில்லை என்று.
இடம் எப்போது இல்லாமல் போனது
என்பதுதான் தெரியவில்லை.

எதிரே ஆல்துரை.
கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின் வைத்திருப்பவர்.
நகக்கண்ணில் ஆரஞ்சுக் கறை,
அவர் தொட்ட காய்களில் லேசாக மண்வாசம்.
கைகொடுத்தபோது
தோற்ற கையைவிட வென்ற கை
சில்லிட்டிருந்தது.

ஐந்தரை பஸ்.
கெத்தைக்கு இறங்கும் வழியில்
எத்தனையாவது கொண்டை ஊசியோ,
டிரைவர் விளக்கை அணைத்து என்ஜினை நிறுத்தினார்.
யானை.
சாலையின் அகலத்தை அளப்பதுபோல் நின்றது.
யாரும் மூச்சுவிடவில்லை.
பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை மட்டும்
விக்கிக்கொண்டிருந்தது.
மொபைல் வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மூடி
ஆட்டத்தாளைப் படித்தேன்.
நாற்பது நிமிடத்தில் அது மூங்கிலுக்குள் போய்விட்டது.
என் யானை,
இடது மூலையில் இருந்தது,
முப்பத்துநான்கு நகர்த்தலிலும்
ஒரு கட்டம் அசையவில்லை.

பவர் ஹவுஸில் இரவுப் பணி.
மணிக்கொரு முறை பதிவேட்டில் எழுத வேண்டும்:
மெகாவாட், நீர்மட்டம், பேரிங் சூடு.
மெஷின் நின்றுபோனால் மேலிடத்தில் கேட்பது
எத்தனை மணிக்கு நின்றது என்று.
நாங்கள் புரட்டுவது அதற்கு முந்தைய பக்கத்தை.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. ஐம்பத்தொன்பதரை.
யாரையும் எழுப்பாத எண்கள்.

ஆட்டத்தாளையும் அப்படியே
பின்னாலிருந்து படித்தேன்.
மேஜையில் பலகையை விரித்தேன்.
ஒரு சிப்பாய் தொலைந்து வருஷமாகிறது,
அதன் இடத்தில் கருகிய ஃபியூஸ்.

இருபத்திரண்டு:
எந்த யானையை நடுவுக்குக் கொண்டுவருவது என்று
யோசிக்கவே இல்லை,
கைக்குப் பக்கத்தில் இருந்ததை நகர்த்தினேன்.
பதினான்கு:
மந்திரிக்கு மந்திரி வெட்டியதில் கணக்கு எதுவும் இல்லை.
அது அங்கே நின்று என்னைப் பார்ப்பது
பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இருபத்திரண்டைத் திருத்தினேன்.
மூலை யானையை எழுப்பிவிட்டேன்.
இரண்டு பக்கமும் நானே,
ஆனாலும் ஆல்துரைக்கு வஞ்சகம் செய்யாமல் ஆடினேன்.
நாற்பத்துமூன்றில் தோற்றேன்.
பதினான்கைத் திருத்தியதும்
ஐம்பதுக்குமேல் போனது.
அதுவும் தோல்விதான்,
கொஞ்சம் மரியாதையான தோல்வி.

அப்புறம்தான் ஒன்பது.
ராஜாவுக்குப் பக்கத்தில், வலது ஓரத்துச் சிப்பாய்.
ஒரே ஒரு கட்டம்.
யாரும் வரவில்லை அந்தப் பக்கம்,
வந்துவிட்டால் என்று தள்ளினேன்.
தட்டாத கதவுக்குத் தாழ்ப்பாள்.
பின்னால் அவருடைய சிப்பாய்கள் ஏறிவந்தது
அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்துத்தான்.

மணி மூன்றரை.
இந்நேரம் லாரிக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்.
போன் செய்தேன்.
தண்ணீர் இரைச்சல், யாரோ மூட்டை எண்ணும் குரல்.

"ஒன்பதாவதா, மேடம்?"
சிரித்தார்.
"எட்டு வரைக்கும் எனக்குக் கை நடுங்கிட்டிருந்தது.
கரண்ட் ஆபீஸ் அம்மா நல்லா ஆடுவாங்கன்னு
பயமுறுத்தி வெச்சிருந்தாங்க.
நீங்க அதைத் தள்ளினதும்தான்,
சரி, இவங்களுக்கும் பயம்தான்னு
கொஞ்சம் சாஞ்சு உட்கார்ந்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
"இருபத்தாறுல நான் ஒண்ணு கோட்டைவிட்டேன்.
நீங்க பாக்கலை."
என்ன அது என்றேன்.
"அதைச் சொல்லுவேனா?
அடுத்த மாசம் ஊட்டியில ஆட்டம் இருக்கே."
மூட்டை எண்ணுகிறவன் எங்கோ தப்பவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

நான்கு மணிக்கு எழுந்துபோய் எண்களை எழுதினேன்.
ஐம்பத்தேழு. முந்தைய மணிக்கும் ஐம்பத்தேழு.
இருந்தும் ஒருமுறை பேரிங் மேல்
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

திரும்பி வந்து
இருபத்தைந்து வரை காய்களை அடுக்கினேன்.
ஃபியூஸ் அதன் இடத்தில், யானை அதன் மூலையில்.
அவர் நகர்த்தியதை
அவருக்காக நகர்த்திவிட்டு,
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.